லைட் ஹவுஸ் வரை நடந்தே

புதுவாயல்
18-2-2025

அன்புள்ள நந்தினிக்கு,

நேற்று தபால் ஆபீசில் என் மானம் போயிற்று. கவரும் ஸ்டாம்பும் வேண்டும் என்று கேட்டேன். கவுண்ட்டரில் இருந்த பெண் தலை நிமிராமல், "ஸ்பீடு போஸ்ட்டா, சாதாவா?" என்றாள். எனக்கு எது எதுவென்று தெரியவில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். "கோச்சிக்கினு போன பொண்ணுக்கு எதும்மா சரியா வரும்?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பெண் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவன் நம் தெரு சாலமோன். அவன் காதில் ஒன்று விழுந்தால் பேப்பரில் வந்த மாதிரி. சாயங்காலம் டீக்கடைக்குப் போனால், "இன்னா தணிகை, பொண்ணுக்கு சாதாவா ஸ்பீடா?" என்று நாலு பேர் கேட்கிறார்கள்.

உன் நம்பரை அழுத்தினால் ரிங் போகாமலே கட்டாகிறது. போன் ரிப்பேர் என்று நினைத்துக் கடையில் கொண்டுபோய்க் கொடுக்கப் பார்த்தேன். "பிளாக் பண்ணிட்டா" என்றாள் உன் அம்மா. இந்த வாரத்தில் ஈஸ்வரி என்னிடம் பேசியது அது ஒன்றுதான். தட்டை வைக்கிறாள், சோறு போடுகிறாள், உப்பு மட்டும் போடுவதில்லை. நானும் கேட்பதில்லை.

கடிதம் எழுதிப் பழக்கம் விட்டுப் போயிற்று. பத்தாவதில் எங்களுக்கு ஒரே கடிதம்தான் சொல்லிக் கொடுத்தார்கள், தெருவிளக்கு எரியவில்லை என்று ஆணையருக்கு எழுதுவது. அந்தப் பழக்கத்தில் முதல் தாளில் அனுப்புநர், பெறுநர், பொருள்: மன்னிப்பு வேண்டி விண்ணப்பித்தல் என்று எழுதிவிட்டேன். நீ ஆணையர் மாதிரிதான் கோபமாக இருக்கிறாய், இருந்தாலும் கிழித்துப் போட்டேன்.

நந்தினி, அந்த ஞாயிற்றுக்கிழமையை முழுக்கப் பொய் என்று நினைத்துவிடாதே. கவரப்பேட்டையில் ரயில் ஏறும்போது அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோறு என் மடியில் சூடாக இருந்தது. "நைனா, இன்னிக்கு ஆட்டோ கெடையாது, ஓட்டல் கெடையாது. காலு இருக்குது, சோறு இருக்குது, மெட்ராஸ் இருக்குது" என்று நீ சட்டம் போட்டாய். மியூசியத்தில் அந்தத் திமிங்கலத்து எலும்புக்குக் கீழே நின்று, "இத்த நம்ம வே பிரிட்ஜில ஏத்தினா எவ்ளோ நைனா காட்டும்?" என்று கேட்டாய். பிறகு மரத்தடியில் சோறு தின்றோம். காக்கா ஒன்று உன் அப்பளத்தைத் தூக்கிக்கொண்டு போயிற்று. சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்தில் கூவம் நாற்றத்துக்கு இரண்டு பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினோம். லாரி எடை போட்டுப் பிழைக்கிறவனுக்கு இப்படி ஒரு நாள் எத்தனை முறை வரும்? நான் சிரித்ததெல்லாம் நிஜச் சிரிப்பு.

பொன்னேரி ராஜமாணிக்கம் நல்ல மனிதர்தான். உரக்கடைக்கு வருகிற லோடு எல்லாம் நம் வே பிரிட்ஜில்தான் எடை போடுவார். பையன் அன்புசெல்வனுக்கு மின்வாரியத்தில் வேலை. உன்னைப் பற்றிக் கேட்டார்கள். சந்தோஷப்பட்டேன். அப்புறம், "பொண்ணுக்குக் கால்ல ராடு வச்சிருக்காமே" என்று இழுத்தார்கள். எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூட மாடிப்படியில் விழுந்தது, இப்போது நன்றாக நடக்கிறாள் என்றேன். "ஊட்டுக்கு வந்து உக்காந்துக்கினு பாத்தா நடை இன்னா தெரியும்? பொண்ணுக்குத் தெரியாம வெளியில ஒரு தபா பாத்துக்குறோம், புடிக்கலன்னா யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல பாரு" என்றார். நம் பக்கம் எல்லாரும் செய்கிறதுதானே. கோயிலில் எதேச்சையாகப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். சிறுவாபுரியில் பார்க்கலாம் என்று முதலில் பேச்சு. அங்கே கூட்டம் தள்ளிக்கொண்டு போகும், நடை தெரியாது என்று அவர் தங்கச்சி குணசுந்தரி சொல்லிவிட்டாள். நீ அந்த வாரம் வருவதாகவும், மெட்ராசை நடந்தே சுற்றிப் பார்க்க ஆசைப்படுவதாகவும் என் வாய் சும்மா இராமல் சொல்லிற்று.

மியூசியம் வாசலில் ஐந்து நிமிஷம், தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள் என்றுதான் பேச்சு. சத்தியமாக அவ்வளவுதான். குணசுந்தரி நம் பின்னாலேயே வருவாள் என்று நான் நினைக்கவில்லை. உனக்கு ஒன்று சொல்லட்டுமா, அந்த அம்மாவுக்கு மறுநாள் இரண்டு காலும் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டதாம். வெந்நீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம். நம்மைப் பின்தொடர்வது லேசான காரியமா?

சிரித்திருந்தால் ஒரு போன் போடு. கோபம் என்றாலும் போடு.

உன் நைனா,
தணிகைவேல்


ஓசூர்
27-2-2025

நைனாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஹாஸ்டல் வார்டன் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "கடிதமெல்லாம் வருதா உனக்கு?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். 

போனில் பேச மாட்டேன். பேசினால் நீங்கள் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவீர்கள். அப்புறம் நான் கேட்க வந்தது எனக்கே மறந்துவிடும். எல்லா முறையும் அப்படித்தான் நடந்திருக்கிறது. காகிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது.

அந்த அம்மாவின் கால் வீங்கியதற்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த நாளைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். சென்ட்ரலில் இறங்கி வெளியே வந்ததும் நான் கொஞ்ச நேரம் நின்றேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பெரியாஸ்பத்திரி. எனக்கு மெட்ராஸ் என்றால் அந்தக் கட்டடம்தான். சுரங்கப்பாதையில் நீங்கள் என்னைத் தூக்கிக்கொண்டு இறங்குவீர்கள், ஏறுவீர்கள். எக்ஸ்ரே, வரிசை, மருந்து வாசனை, திரும்ப ரயில். கடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. அதனால்தான் அன்றைக்கு, "அந்தப் பக்கம் இல்ல நைனா, இன்னிக்கு இந்தப் பக்கம்" என்று கையைப் பிடித்து இழுத்தேன். ஆட்டோ வேண்டாம் என்றது சிக்கனத்துக்காக மட்டும் இல்லை. அந்த ஊரில் என் சொந்தக் காலால் நடக்க வேண்டும் என்றிருந்தது. அந்த ஆசையைத்தான் நீங்கள் அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறீர்கள்.

மறுநாள் சாயங்காலம் திமிங்கலத்தோடு எடுத்த போட்டோவை எனக்கு அனுப்பிக்கொள்ளத்தான் உங்கள் போனை எடுத்தேன். ராஜமாணிக்கம் என்ற பெயரிலிருந்து ஒரு வீடியோ வந்திருந்தது. மஞ்சள் சுடிதாரில் ஒரு பெண் கடற்கரை ரோட்டுப் பிளாட்பாரத்தில் நடந்து போகிறாள். முதுகு மட்டும் தெரிகிறது. யாரோ என்று நினைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு கேமரா கீழே இறங்கி இடுப்பு, முழங்கால், பாதம் என்று போகிறது. ஒரு பெண் குரல் சொல்கிறது: "வந்த புதுசுல எல்லாரும் நல்லாத்தான் நடப்பாங்கோ. களைச்சப்புறம் பாக்கணும். இப்ப பாரு, எடது கால பாரு." மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களே, அந்தக் குரல். 

மியூசியத்தில் ஐந்து நிமிஷம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். சேப்பாக்கம் ஸ்டேடியத்துக்கிட்டே உங்களுக்கு ஒரு போன் வந்தது. கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசினீர்கள். திரும்பி வந்தபோது நான், "கால் வலிக்குது நைனா, லைட் ஹவுசுக்கு பஸ்ல போய்டலாமா" என்றேன். "பொம்பளைங்களுக்கு ஓசி, எனக்கு மட்டும் டிக்கெட்டா? அநியாயம். நடக்கலாம் வா" என்றீர்கள். நானும் சிரித்துக்கொண்டே நடந்தேன்.

அந்தப் போன் யாருடையது?

நந்தினி


புதுவாயல்
4-3-2025

அன்புள்ள நந்தினிக்கு,

நீ என்னை 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து எனக்கு உன்னிடம் இந்த மரியாதை கிடைத்ததில்லை. படித்ததும் பக்கத்தில் வேறு யாரோ பெரிய மனிதர் உட்கார்ந்திருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். இந்த மரியாதை எனக்கு வேண்டாம்மா. திட்டினாலும் பழையபடியே திட்டு.

கேட்டதற்குப் பதில் எழுதாமல் இரண்டு நாள் கடத்தினேன். வே பிரிட்ஜில் ஒரு லாரியை எடை போட்டு, அதே சீட்டை அடுத்த லாரிக்கும் கொடுத்துவிட்டேன். முதலாளி, "இன்னாய்யா, தூங்கிக்கினு எடை போடறியா?" என்றார். தூங்கினால்தான் பரவாயில்லையே.

போன் ராஜமாணிக்கத்துடையது. 

அவர் சொன்னது இதுதான்: "மியூசியத்துல நல்லாத்தான் நடந்துதாம். தங்கச்சிக்கு ஒரு சந்தேகம். இன்னும் கொஞ்ச தூரம் நடக்க வையேன். பஸ்ஸு கிஸ்ஸு ஏறிடாதீங்கோ." நான் திரும்பிப் பார்த்தேன். வாலாஜா ரோட்டு இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் குணசுந்தரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அப்போதே, "போதும்மா, ஊட்டுக்குப் போங்கோ" என்று சொல்லியிருக்க வேண்டும். ரோட்டைக் கடந்து போனால் பத்தடி. நான் போகவில்லை. உன்னிடம் வந்து அந்த ஓசி டிக்கெட் ஜோக்கைச் சொன்னேன். அதற்குப் பிறகு நீ என்ன பேசினாய் என்று எனக்கு நினைவில்லை. கடல் தெரிந்ததும், "இவ்ளோ பெருசா நைனா" என்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஏன் செய்தேன் என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் எழுதுகிறேன், இது சாக்கு என்று தோன்றினால் அடித்துவிடு. உனக்குச் சொல்லாமல் இதற்கு முன்பே இரண்டு இடம் வந்தது. ஒன்று கும்மிடிப்பூண்டி, ஒன்று திருவாலங்காடு. இரண்டு பேரும் ராடு என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டு வாசல்கூட மிதிக்கவில்லை. திருவாலங்காட்டுக்காரர், "நடவுக்கு எறங்குற ஊடு, பொண்ணு நல்லா நிக்கணும் பாருங்கோ" என்றார். ஓசூரில் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிற பெண்ணை எதற்கு அவர் நடவுக்கு இறக்கப் போகிறார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மூன்றாவதாக ஒருவர், வேண்டாம் என்று சொல்லாமல், பார்க்கிறேன் என்றார். எனக்கு அதுவே பெரிசாகப் போயிற்று. 

இதெல்லாம் ஈஸ்வரிக்கும் தெரியாது. இப்போது தெரியும். உன் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டினேன். அடுப்படியில் உட்கார்ந்து கேட்டாள். அந்த வீடியோ வரிக்கு வந்ததும் எழுந்து போய்க் கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டாள். "நீயெல்லாம் ஒரு ஆம்பளை" என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. 

அவர்கள் பக்கத்திலிருந்து இன்னும் பதில் வரவில்லை. அவர்கள் பதில் சொல்வதற்கு முன்னால் நானே நிறுத்திவிடுகிறேன். ஜாதகத்தைத் திரும்பப் பார்த்தோம், நட்சத்திரம் ஒத்து வரவில்லை என்று சொல்லிவிடுகிறேன். ஜோசியர் மேல் பழியைப் போட்டால் யாருக்கும் வருத்தம் இருக்காது. ராஜமாணிக்கத்தின் லோடும் நம் எடை மேடைக்கு வருவது நிற்காது. உன் பெயரும் அடிபடாது. இது சரிதானே?

கால் இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுது.

உன் நைனா


ஓசூர்
11-3-2025

நைனாவுக்கு,

உன் கடிதத்தைக் கம்பெனி லைனில் என் பக்கத்தில் வேலை பார்க்கிற பிரின்சியிடம் காட்டினேன். நாகர்கோவில் பெண். படித்துவிட்டு, "உங்க அப்பா நல்லவருதான், ஆனா தைரியம் கொஞ்சம் கம்மி" என்றாள். என் நைனாவை நான்தான் சொல்வேன், நீ சொல்லக் கூடாது என்று அவளோடு சண்டை போட்டேன். பிறகு படுக்கையில் கிடந்து யோசித்தால் அவள் சொன்னது சரி.

ஜாதகம் என்று சொல்லாதே. 

இரண்டு இடம் தட்டிப் போனதை என்னிடம் சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன் என்று பயந்தாயா? ஒருவேளை அழுதிருப்பேன். அப்புறம் துடைத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போயிருப்பேன். ராஜமாணிக்கம் என்னிடம் நேராகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ராடு இருக்கிறது, மழைக்காலத்தில் வலிக்கும், ரொம்ப நேரம் நின்றால் இடது கால் சாயும், மற்றபடி எட்டு மணி நேரம் நின்றுதான் சம்பாதிக்கிறேன் என்று. இதில் மறைக்க என்ன இருக்கிறது? மறைக்க வேண்டியது என்று நீதான் முடிவு செய்தாய்.

கால் எப்படி என்று கேட்டாயே, அதையும் எழுதுகிறேன். அன்றைக்கு பஸ் கேட்டபோது லேசான வலிதான். திருவல்லிக்கேணி தாண்டியதுமே கால் பிடித்துக்கொண்டது. தொடையிலிருந்து இழுத்தது. வழக்கமாக என்றால் சாய்ந்து நடந்து ஒப்பேற்றியிருப்பேன். ஆனால் நீ அவ்வளவு சந்தோஷமாக இருந்தாய். பழைய புத்தகக் கடையில் எதையும் வாங்காமலே பேரம் பேசினாய். உழைப்பாளர் சிலைக்கிட்டே சுண்டல்காரப் பையனிடம், "நானும் உழைப்பாளிதான், இன்னும் கொஞ்சம் போடு" என்றாய். நான் நொண்டினால் உடனே முகம் மாறிவிடும், ஆட்டோவைக் கூப்பிடுவாய், எல்லாம் மறுபடி ஆஸ்பத்திரி நாள் மாதிரி ஆகிவிடும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு நேராக வைத்து நடந்தேன். லைட் ஹவுஸ் வரைக்கும். ஏறும் நேரம் முடிந்துவிட்டது என்று சொன்னார்களே, அப்போது எனக்கு வருத்தமே இல்லை, உட்கார இடம் கிடைத்ததே என்றிருந்தது.

அந்த வீடியோவில் அவர்கள் பார்த்தது உனக்காக மறைத்து நடந்த நடை. 

எனக்கு வேண்டியது இது. நீ பொன்னேரிக்கு நேரில் போக வேண்டும். போனில் இல்லை. அந்த வீடியோ யார் யார் போனில் இருக்கிறதோ அழிக்கச் சொல்ல வேண்டும், உன் கண் முன்னால். என் கால் களைத்தால் சாயும் என்று சொல்ல வேண்டும். இந்த இடம் வேண்டாம் என்று நீ சொல்ல வேண்டும், ஜோசியர் அல்ல. ஏன் வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். வழியில் ஜோக் எதுவும் சொல்லாதே.

உன் நம்பரை இன்னும் பிளாக்கிலிருந்து எடுக்கவில்லை. போய்விட்டு வந்து எழுது.

நந்தினி


புதுவாயல்
24-3-2025

அன்புள்ள நந்தினிக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை பொன்னேரிக்குப் போய்விட்டு வந்தேன். முந்தின ஞாயிறும் கிளம்பினேன், சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு. கவரப்பேட்டை ஸ்டேஷன் வரை போய், ரயிலை விட்டுவிட்டு, கீரைக்கட்டு ஒன்று வாங்கிக்கொண்டு திரும்பினேன். அம்மா கீரையை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்குத்தான் சலவை சட்டையா?" என்றாள். நேற்று அவளே ஸ்டேஷன் வரை வந்தாள். ஏற்றிவிட்டு, ரயில் நகர்கிற வரைக்கும் அங்கேயே நின்றாள். வழியனுப்ப அல்ல, நான் இறங்கிவிடுகிறேனா என்று பார்க்க.

ராஜமாணிக்கம் வீடு கடைக்கு மேல் மாடியில். படி ஏறும்போதே உர வாசனை. கதவைத் திறந்ததும், "வா வா சம்பந்தி, நானே வரணும்னு இருந்தேன்" என்றார். குணசுந்தரி கட்டில்மேல் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் தைல பாட்டில். அன்புசெல்வன் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான், என்னைக் கண்டதும் எழுந்து சத்தத்தைக் குறைத்தான்.

"எங்களுக்குப் பரிபூரண சம்மதம்பா" என்றார் ராஜமாணிக்கம். "நடையில ஒரு கொறையும் இல்ல. இவளே சொல்லிட்டா."

"நானே அசந்துட்டேன்" என்றாள் குணசுந்தரி. "எனுக்கு மூச்சு வாங்குது, அது பாட்டுக்கு நேரா போய்க்கினே இருக்குது. இன்னா பொண்ணுய்யா."

ஒரு டம்ளர் நிறைய பாயசம் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பிடித்துக்கொண்டே சொன்னேன். "எம்பொண்ணு காலு களைச்சா சாயும். மழைக்கு வலிக்கும். அன்னிக்கு வலியோடதான் நடந்துது. நான் சந்தோஷமா இருக்கேன்னு என்கிட்ட மறைச்சுது. நீங்க பாத்தது அந்த மறைச்ச நடையத்தான்."

ராஜமாணிக்கம் சிரித்தார். "சரி, லேசா இருந்தா இருந்துட்டுப் போவுது. நாங்க அத்த ஒண்ணும் பெருசா எடுத்துக்கல."

"நான் எடுத்துக்கிறேன். இந்த எடம் வேணாங்க. ஜோசியரு சொல்லல, நான் சொல்றேன். எம்பொண்ண பின்னாலேயே போய் கால படம் புடிச்ச ஊட்டுல அவ எப்படி நிம்மதியா நடப்பா? தெனமும் யாராச்சும் பின்னால இருந்து பாத்துக்கினே இருக்காங்களோன்னு தோணாதா?"

இவ்வளவு நீளமாக நான் கூட்டத்தில் பேசியதே இல்லை. பேச்சு வேகத்தில் பாயசம் சட்டையில் கொட்டியது. யாரும் துடைக்கத் துணி கொடுக்கவில்லை. 

குணசுந்தரி தைல பாட்டிலை டக்கென்று ஜன்னல் விளிம்பில் வைத்தாள். "ஊர்ல நடக்காததா நடந்துபோச்சு? நாளைக்கு ஒண்ணுன்னா நாங்கதான கேக்கணும்? அதான் பாத்தோம்."

"பாத்தது தப்புன்னு உங்கள மட்டும் சொல்லலம்மா. நானும்தான் கூட்டாளி. அந்த வீடியோவ அழிச்சுடுங்கோ. அதுக்கும்தான் வந்தேன்."

பிறகு அந்தப் பையன் தன் போனை எடுத்து என் பக்கம் திருப்பி, அழித்துக் காட்டினான். "எனக்கு இத அனுப்பினப்பவே ஒருமாதிரி இருந்துது சார். நான் அப்பவே சொல்லியிருக்கணும்" என்றான். அவன் அத்தை போனை அவனே வாங்கினான். "குடு அத்தை" என்று ஒரு முறைதான் சொன்னான். அவன் அப்பா போனிலும் அழித்தான். குடும்ப குரூப்பில் போட்டிருந்தார்கள் போல, அதில் உள்ளவர்களிடமும் அழிக்கச் சொல்வதாகச் சொன்னான். நல்ல பையன். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் வேண்டாம் என்றது வேண்டாம்தான், அதில் நான் மாறவில்லை.

என் போனில் இருந்ததை அவர்கள் எதிரிலேயே நானும் அழித்தேன். எப்படி என்று தெரியாமல் திமிங்கலப் போட்டோவும் சேர்ந்து போய்விட்டது. உன்னிடம் இருக்கிறதா?

கிளம்பும்போது ராஜமாணிக்கம் படிவரை வந்தார். கோபம் அவருக்கு அப்போதுதான் ஏறியிருந்தது. "இனிமே என் லோடு உன் மேடைக்கு வராது, தெரிஞ்சுக்கோ" என்றார். தெரியும் என்றேன். முதலாளியிடம் நாளைக்கு நானே சொல்ல வேண்டும். அது என் பாடு, நீ கவலைப்படாதே.

பாதிப் படி இறங்கியிருப்பேன். மேலே இருந்து கேட்டார். "ஏம்பா தணிகை, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உன்ன யாராச்சும் கழுத்துல கத்தி வச்சு கூப்டாங்களா? நீயாத்தான கூட்டினு வந்த? நீயாத்தான நடக்க வச்ச? அப்ப இனிச்சுது, இப்ப இன்னா புதுசா கசக்குது?"

நான் நின்றேன். கீழே கடை வாசலில் மூட்டை இறக்குகிறவர்கள்கூட வேலையை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். அந்த ஆள் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன். ரயிலிலும் சொல்லவில்லை, வீட்டில் உன் அம்மா, "இன்னா ஆச்சு?" என்று கேட்டபோதும் அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் சொன்னேன். 

அந்தப் பதிலை உனக்கு மட்டும் எழுதுகிறேன். அந்த வீடியோ வந்தது திங்கட்கிழமை காலையில், நீ பார்ப்பதற்கு முன்னால். வே பிரிட்ஜ் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். என் பெண்ணை யாரோ பின்னாலிருந்து படம் பிடித்திருக்கிறார்களே என்று எனக்குத் தோன்றவில்லை, நந்தினி. போனைக் கண்ணுக்குக் கிட்ட வைத்துக்கொண்டு, குணசுந்தரியைவிடக் கூர்மையாக உன் இடது காலைத்தான் பார்த்தேன். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். சாயவில்லை. அப்பாடா என்றிருந்தது எனக்கு.